உதகையில் சில வாரங்கள் தங்கி, குறைந்த செலவில் படமெடுக்க வழி என்ன?

மெல்லநடை (கேள்வி)

வணக்கம். வரும் ஜனவரியில் சில வாரங்கள் உதகமண்டலத்திலேயே தங்கி, ஊரை நடந்து பார்த்து, அவசரமில்லாமல் படமெடுக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டும் வண்டிப் பயணம் எனக்கு வேண்டாம். சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக ஆங்கிலேயர்கள் கட்டியெழுப்பிய ஊரில், அவர்கள் போய் முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகு, அந்தக் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே யாருடைய வாழ்க்கை நடக்கிறது என்பதைப் படங்களாக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கையில் பணம் அதிகமில்லை, சொந்த வண்டியும் இல்லை. பழைய கேமரா ஒன்றும், 35 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ்களும் இருக்கின்றன. எந்தப் பகுதியில் தங்கினால் நடந்தே சமாளிக்கலாம், எந்த நேரத்தில் எங்கே நல்ல ஒளி கிடைக்கும், மனிதர்களைப் படமெடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை அங்கே வாழ்பவர்களும் அடிக்கடி சென்று வருபவர்களும் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

உதகைவாசி

ஒரே ஊரில் வாரக்கணக்கில் தங்குவது என்று முடிவு செய்தவுடனேயே உங்கள் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. ஏனென்றால் இங்கே வருபவர்களின் பணம் கரைவது பெரும்பாலும் அறை வாடகையில் அல்ல, ஒவ்வொரு 'பாயிண்ட்'டாக ஓடும் வாடகைக் காரில்தான். ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சியையொட்டி எல்லா விலையும் ஏறிவிடும்; செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசனும் உண்டு. நீங்கள் சொல்லும் ஜனவரியில் பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிட்டால் மற்ற நாட்களில் ஊர் தன் இயல்பில் இருக்கும். வார நாட்களில் அறைகளும் காலியாக இருக்கும்.

சேரிங் கிராஸ், கமர்ஷியல் சாலை, மார்க்கெட், ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு நடுவே எங்கே தங்கினாலும் நடை தூரம்தான். பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் அருகருகே இருப்பதால் விடியற்காலையில் ஆட்டோ தேடும் வேலையும் இல்லை. இணையத்தில் முழு நாட்களுக்கும் பதிவு செய்துவிடாமல், முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும் பதிவு செய்து வாருங்கள். நேரில் நான்கைந்து அறைகளைப் பார்த்து, வார வாடகை என்ன என்று கேட்டால் கணிசமாகக் குறைத்துக் கொடுப்பார்கள். அறையைப் பார்க்கும்போது சுவரில் ஈரம் படிந்திருக்கிறதா, பகலில் வெயில் உள்ளே வருகிறதா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்ற மூன்றையும் கவனியுங்கள்; வெயிலே படாத அறையில் துவைத்த துணி காயாது, லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும். எட்டின்ஸ் சாலையில் உள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஆனந்தகிரியையும் விசாரித்துப் பாருங்கள். பழைய பங்களாவின் சூழல் வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு அது பொருத்தமான இடம்.

இ-பாஸ், அதாவது வாகனங்களுக்கு இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி, பற்றிக் குழம்ப வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுவதும் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே எவர்சில்வர் பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள், குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகளை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஜனவரி இரவுகளில் குளிர் தாங்காமல், அடுப்புக்கரியை மூட்டி மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குபவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். இந்த மாவட்டத்தில் அப்படி மரணங்கள் நடந்திருக்கின்றன. கூடுதலாக ஒரு கம்பளி கேளுங்கள், கரி வேண்டவே வேண்டாம். அடுத்தது காட்டெருமை. தேயிலைத் தோட்டங்களில் மட்டுமல்லாமல் குன்னூர், கோத்தகிரி வீதிகளிலும் அது சாவகாசமாக நடந்து வரும். அசையாமல் நிற்கிறதே என்று படமெடுக்க நெருங்கிவிடாதீர்கள். உங்கள் 85 மி.மீ. லென்ஸ் அதற்குப் போதாது. இருட்டு விலகும் முன் தோட்டப் பாதைகளில் தனியாக நடப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

வெள்ளியுப்பு

ஒளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் படம் எப்படி அமையும் என்பதை முடிவு செய்வது அதுதான்.

ஜனவரியில் வானம் தெளிவாக இருப்பதால் இரவில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. குளிர்ந்த காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்குகிறது. உறைபனி குன்றின் உச்சியைவிடத் தாழ்வான, திறந்த புல்வெளிகளில் அதிகமாகப் படிவது இதனால்தான். தலைகுந்தா பக்கம் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் பேருந்து நிலையத்தை ஒட்டி, முன்பு குதிரைப் பந்தய மைதானமாக இருந்த நிலத்தின் ஓரத்திற்கும் தாவரவியல் பூங்காவின் புல்வெளிக்கும் நடந்தே போகலாம். பூங்கா திறக்கும் நேரத்தை மட்டும் முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புல்லின் ஒவ்வொரு இதழிலும், ஓரத்தில் மட்டும் வெள்ளைப் படிகங்கள் வரிசையாக நிற்கும். நடுநரம்பு பச்சையாகவே இருக்கும். குனிந்து பார்த்தால்தான் இது தெரியும். சாலையோரம் நிறுத்திய இருசக்கர வாகனங்களின் இருக்கையிலும் இதே படிகங்கள் இருக்கும். வெயில் நேராகப் பட்ட சில நிமிடங்களில் எல்லாம் நீராகிவிடும். ஆகவே வெயிலும் நிழலும் சந்திக்கும் கோட்டில் நின்றுகொண்டு, அந்தக் கோடு நகர நகர நீங்களும் கூடவே நகருங்கள்.

பனிமூட்டத்திலும் உறைபனியிலும் கேமராவின் ஒளிமானி ஏமாந்துவிடும். எதிரே இருக்கும் வெண்மையை நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொண்டு அது படத்தை இருட்டாக்கும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை எக்ஸ்போஷரைக் கூட்டி எடுங்கள். மூட்டத்தில் தொலைவில் உள்ளவை அழிந்துவிடுவதால், அருகே கருமையான ஏதாவது ஒன்று, ஒரு சவுக்குக் கிளையோ குடை பிடித்த மனிதரோ, சட்டகத்துக்குள் இல்லாவிட்டால் படம் நிற்காது. மூட்ட நாட்களில் 85 மி.மீ.யைவிட 35 மி.மீ. நன்றாக வேலை செய்வதற்கும் இதுவே காரணம்: நீங்கள் பொருளுக்கு அருகில் போய்த்தான் ஆக வேண்டும், போனால் நடுவில் இருக்கும் பனி குறைந்துவிடும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடல் சூடு படும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஆவி பறக்கும் டீக்கடைக்குள் நுழைந்ததும் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுவதும் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே வைத்திருந்து, ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிட்டு முடித்த பிறகு திறப்பதே சரி. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மறக்காதீர்கள்.

விடியற்காலையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் உங்கள் நோக்கத்திற்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் உள்ள ஒரு மணி நேரம் அதைவிட முக்கியம் என்று கருதுகிறேன். பள்ளியும் அலுவலகமும் விட்டு, கிராமங்களுக்குப் போகும் பேருந்துகள் நிலையத்தில் வரிசையாக நிற்கும். கடைகளின் மஞ்சள் விளக்குகள் எரியத் தொடங்கும். வானத்தில் நீலம் இன்னும் மிச்சமிருக்கும். சுற்றுலா வந்தவர்கள் அறைக்குத் திரும்பிய அந்த வேளையில் சாலை உள்ளூர்க்காரர்களுடையது. ஐ.எஸ்.ஓ. 1600, 3200 என்று போகத் தயங்க வேண்டாம்.

படமெடுப்பவர்கள் இந்த ஊரைப் பற்றிக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இந்தியாவின் சொந்த ஃபில்ம் தொழிற்சாலையான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபில்ம்ஸ், தூசு குறைந்த காற்றுக்காகவும் குளிருக்காகவும் இங்கேதான் அமைந்தது. 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபில்மும் எக்ஸ்-ரே ஃபில்மும் தயாரித்தது. டிஜிட்டல் அலையில் நலிந்து, கடைசியில் மூடப்பட்டது. கூடலூர் சாலையில் இந்து நகர், எச்.பி.எஃப். என்ற பெயர்களாக மட்டும் அது நிலைத்திருக்கிறது. வெள்ளையர் விட்டுச் சென்ற ஊர் என்று நாம் பேசும்போது, விடுதலைக்குப் பிறகு கட்டப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டு அடங்கிப்போன இந்த இன்னொரு காலத்தை மறந்துவிடுகிறோம். அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். நின்று பேசுவதற்கு உங்களிடம் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

கல்லும் சுண்ணமும்

மேலே உள்ள இரண்டு பதில்களும் மிகவும் பயனுள்ளவை. வரலாற்றுப் பக்கத்திலிருந்து எனக்குத் தோன்றுவதையும் சேர்க்கிறேன்.

கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1822இல் உதகையில் ஸ்டோன் ஹவுஸ் என்ற கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். உள்ளூரில் கல் பங்களா என்று சொல்லப்பட்ட அது இன்று அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில், கல்லூரியின் பயன்பாட்டில் இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை ஊரில் வேறு இல்லை என்பேன். ஆட்சியரின் வீட்டு வாசலில் இப்போது நிற்பவர்கள், படுகர் கிராமங்களிலிருந்தும் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் பேருந்தேறிப் படிக்க வரும் பிள்ளைகள். கல்லூரியில் அனுமதி கேட்டுவிட்டு, வகுப்பு தொடங்கும் நேரத்தில் எடுங்கள். ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையில் வெறும் கட்டடத்தை எடுத்தால் அது அஞ்சலட்டையாகத்தான் இருக்கும்.

புனித ஸ்தேவான் ஆலயத்திற்கு 1829இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் உத்தரங்கள், திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து பிரித்து எடுத்து, மலைமேல் கொண்டுவரப்பட்ட மரங்கள். வெள்ளைச் சுவரை எல்லோரும் வெளியிலிருந்து எடுக்கிறார்கள்; உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்து, படமெடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, அந்த மரங்களைப் பாருங்கள். பின்புறச் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

செலவே இல்லாத ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ.டி.டபிள்யூ. பென் என்ற ஒளிப்படக் கலைஞர் உதகையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய படங்களும் அக்காலத்தின் பிற படங்களும் இணையத்தில் பொது ஆவணத் தொகுப்புகளில் காணக் கிடைக்கின்றன. சிலவற்றைத் தொலைபேசியில் சேமித்துக்கொண்டு, அவர்கள் நின்ற இடத்தைத் தேடி நின்று பாருங்கள். முதலில் கண்ணில் படுவது, பழைய படங்களில் குன்றுகள் மொட்டையாக இருப்பது. அது அழிவின் அடையாளம் அல்ல; புல்வெளியும் மலை மடிப்புகளில் சோலைக் காடும் என்பதே நீலகிரி உயர்நிலத்தின் இயற்கை. யூகலிப்டஸும் சீகை மரமும் பிறகு நடப்பட்டவை. நாம் 'மலைக்காடு' என்று ரசிக்கும் பல காட்சிகள் உண்மையில் தோப்புகளே. ஏரியும் அப்படித்தான்: சல்லிவன் காலத்தில் வெட்டப்பட்டபோது இப்போதைவிடப் பெரியது, அது சுருங்கிய நிலத்தில்தான் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் வந்தன. நண்பர் சொன்ன தாழ்வான உறைபனி நிலம் ஏன் ஊரின் நடுவில் இருக்கிறது என்பதற்கு விடையும் இதில் இருக்கிறது.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூங்காவிற்கு மேலேயே ஒரு மந்து இருப்பதால் கேமராவோடு பலர் நேராக உள்ளே போய்விடுகிறார்கள். அது மனிதர்கள் குடியிருக்கும் இடம், காட்சிக்கூடம் அல்ல. அவர்களுடைய கோயிலின் எல்லைக்குள் வெளியார் நுழையக் கூடாது. எங்கே நிற்கலாம் என்பதை அவர்களிடமே கேளுங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களுடைய சிவப்பு கருப்புப் பூத்தையலைச் செய்யும் பெண்கள், நீங்கள் உட்கார்ந்து பேசி, முடிந்தால் சிறிய துண்டு ஒன்றையாவது விலை கொடுத்து வாங்கினால், கைகளைப் படமெடுக்கப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். முகம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 'பழங்குடி முகம்' என்று தலைப்பிட்டு, பெயரில்லாமல் ஒருவரை இணையத்தில் போடும் பழக்கம் அந்தப் பழைய ஸ்டுடியோக் காலத்தோடு போயிருக்க வேண்டியது.

தோட்டப் பகுதிகளுக்குப் போனால், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர் குடும்பங்களைச் சந்திப்பீர்கள். டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை தருவதற்காகவே தொடங்கப்பட்டவை. கொழுந்து பறிக்கும் கைகளை மட்டும் எடுத்துவிட்டு வராமல், அந்த வீடுகளின் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.

மெல்லநடை

எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கிறது, மிக்க நன்றி. பென் எடுத்த படங்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். மலை ரயிலில் போக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது, ஆனால் அது சுற்றுலாக் கூட்டத்துக்கானது என்றும் டிக்கெட் கிடைப்பது அரிது என்றும் கேள்விப்பட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு அது தேவைதானா? படமெடுத்தவர்களுக்குப் பிரதி கொடுக்க நினைத்தால் அதற்கு எளிய வழி உண்டா?

பல்சக்கரம்

தேவை, ஆனால் இரண்டு துண்டுகளாக.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது, உதகை வரை நீண்டது 1908இல். மொத்தம் 46 கி.மீ. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வரிசை பதித்து, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது இதனால்தான். இந்தப் பகுதிக்குத்தான் போட்டி அதிகம். முன்பதிவு திறந்தவுடன் முயலுங்கள், கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். ஏறும்போது எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பெட்டியில் புகை இருக்காது, வளைவுகளில் எஞ்சினைத் திரும்பிப் பார்க்கலாம். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு நிற்கும் பிரேக் ஊழியரைக் கவனியுங்கள். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பும்போது இறங்கிப் படமெடுக்க நேரம் கிடைக்கும்.

உங்கள் நோக்கத்துக்கு ஏற்றது குன்னூர்–உதகை 19 கி.மீ. டீசல் எஞ்சின்தான், ஆனால் ஒரு நாளைக்குச் சில முறை ஓடுகிறது. முன்பதிவில்லா டிக்கெட்டும் நிலையத்திலேயே கிடைக்கும். கேத்தியிலோ லவ்டேலிலோ இறங்கிவிடுங்கள். கேத்திப் பள்ளத்தாக்கின் படிக்கட்டு வயல்களில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் விளைகிறது; அறுவடை செய்த கேரட்டைக் கழுவி மூட்டை பிடிக்கும் வேலை சாலையோரத்திலேயே நடக்கும். அடுத்த ரயிலிலோ பேருந்திலோ திரும்பிவிடலாம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் வெலிங்டன் இராணுவப் பகுதியும் வழியில் வரும், அங்கே கேமராவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் நடந்து படமெடுப்பது சட்டப்படி குற்றம், சுரங்கங்களுக்குள் அது உயிருக்கும் ஆபத்து.

வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் கீழ்ப்பாதை அடிக்கடி மூடப்படும். ஜனவரி தொடக்கத்தில் வருவதானால், பாதை திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன் விசாரியுங்கள்.

உதகைவாசி

பிரதி கொடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகரத்து ஸ்டுடியோக்களில் அஞ்சலட்டை அளவில் அச்சிட அதிகம் செலவாகாது. வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கி, எடுத்த இடங்களுக்கே மறுபடி போய்க் கையில் கொடுங்கள். மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஒருவருக்குப் படம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறுநாள் அந்த வரிசை முழுவதும் உங்களைக் கூப்பிடும். அப்போது நடக்கும் வேலையை யாரும் முகம் திருப்பாமல், நிமிர்ந்து போஸ் கொடுக்காமல் எடுக்க முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று எண் வாங்கிப் போகிறவர்கள் நிறைய; அனுப்புபவர்கள் சிலர்தான் என்பதால் இங்கே அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

ஜனவரி வாக்கில் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா வரும். கோத்தகிரிக்கு அருகே உள்ள பேரகணி உள்ளிட்ட ஊர்களில் வெள்ளை உடையில் மக்கள் கூடுவார்கள். விருந்தினர்களை மரியாதையாக நடத்தும் மக்கள், ஆனால் கோயிலுக்கு அருகே எது வரை வரலாம், எதை எடுக்கலாம் என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்ட பிறகே கேமராவை வெளியே எடுங்கள். கோத்தகிரி பேருந்துகள் நம் நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. அந்த வாரம் கோத்தகிரியில் இரண்டு இரவு தங்கிக்கொண்டால் கண்ணேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பழைய பங்களாவையும் பார்த்துவிடலாம். இப்போது அது நீலகிரி வரலாற்றைச் சொல்லும் ஆவண மையமாக இருக்கிறது. சென்னையிலிருந்து வருவதானால் இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேரும். மலை ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் அங்கிருந்தே பேருந்து ஏறிவிடுங்கள்.